ஒயருக்குப் போட்ட சடை

கோயமுத்தூர்தானுங்களே எறங்கறது? அப்பச் செரி, நானும் அங்கதானுங்க. சன்னலோரம் நீங்களே உக்காருங்க அம்மணி. எனக்கு வெளிய பார்க்கறக்கு ஒண்ணுமில்லை, பேசறக்குத்தான் ஆளு வேணும். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். சென்ட்ரல்ல ஏறுனதுல இருந்து வாயை மூடிட்டு உக்காந்திருக்கிறேன், அரக்கோணமே வந்துபோச்சு. பொதுவா நான் பேச்சுக் கம்மிதானுங்க. இன்னிக்கு மட்டும் என்னமோ தெரியலை, இந்த ரயிலை நிறுத்தி அல்லாருக்கும் டீ வாங்கிக் குடுக்கலாமான்னு இருக்குது.

பாஸ் ஆகிட்டமுங்க! மூணாவது வாட்டி! பரீட்சை எனக்கில்லீங்க, ஒரு பெட்டிக்கு. இருங்க, முதல்ல இருந்து சொல்றேன், இல்லாட்டி உங்குளுக்குப் பைத்தியக்காரி பேச்சாட்டத் தெரியும்.

என்ற பேரு கனகமணி. கணபதிப் பக்கம் ஒரு கம்பெனியில பத்தொம்பது வருசமா இருக்கிறேன். ஆஸ்பத்திரியில கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி வெச்சிருப்பாங்கல்லங்க, பச்சைக் கோடு ஏறி எறங்கி ஓடிட்டே இருக்குமே, அதுதான் நாங்க பண்றது. அதுல ஒயர் செக்‌ஷன் எங்களுது. பதினோரு பொம்பளைங்க. நாந்தான் பெரியவ. பெரியவன்னு யாரும் எழுதிக் குடுக்கலை, ஆனா என்னைக் கேக்காம அங்க ஒரு ஒயரு நகராது.

அந்த மூணாவது சீட்டுல நீலச் சட்டை போட்டுட்டு, வாயைத் தொறந்து தூங்கறாரு பாருங்க, அவரு இளம்பரிதி தம்பி. இஞ்சினியரு. பெட்டிக்குள்ள இருக்கிற போர்டெல்லாம் அவரு டிசைன். பாவம், மூணு நாளாத் தூக்கமே இல்லை அந்தப் பையனுக்கு. சம்சாரம் பிரசவத்துக்கு ஊத்துக்குளி போயிருக்குது, பொண்ணு பொறந்து நாப்பது நாளு ஆகலை. அந்தக் கொழந்தை மூஞ்சியைப் போன்ல பார்த்துப் பார்த்துத்தான் இந்த மூணு நாளையும் ஓட்டுனாரு.

என்ன பரீட்சைன்னா, கரண்டுல ஓடற எந்தப் பெட்டியும் சும்மா இருக்காதுங்களாமா. நம்ம காதுக்குக் கேக்காம காத்துல என்னத்தையோ கத்திக்கிட்டே இருக்குமாமா. வீட்டுல மிக்ஸி ஓட்டுனா டிவியில கோடு கோடா வருமே, அந்தச் சங்கதிதான். ஆஸ்பத்திரியில எங்க பெட்டி கத்துனா, பக்கத்துக் கட்டில்ல இருக்கிற மிஷினு கெரகம் புடிச்ச மாதிரி தப்புத் தப்பாக் காட்டும். அதனால இவ்வளவுதான் கத்தலாம்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க. அளவுக்குள்ள இருந்தாத்தான் சர்ட்டிபிகேட்டு. சர்ட்டிபிகேட்டு இருந்தாத்தான் விக்க முடியும். எங்களுது அறுவது பெட்டி கட்டி, டேப்பு ஒட்டி, நாலு மாசமா குடோன்ல கெடக்குது.

முன்னாடி ரெண்டு வாட்டியும் தம்பி தனியா வந்து, ஃபெயிலாகி, மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுத்தான் திரும்புனாரு. எங்க முதலாளி சோமசுந்தரம் அண்ணன் நல்ல மனுசன், ஆனா கோவம் வந்தா அவருக்கே அவரைப் புடிக்காது. போன வாரம் அத்தனை பேரு முன்னாடியும் சொல்லிப்போட்டாரு. “இந்த வாட்டி யார் தப்புன்னு எனக்குப் பேப்பர்ல எழுதி வரோணும். பாஸோ ஃபெயிலோ, எவன் தப்புன்னு எழுதி வருதோ அவன் அன்னைக்கே கணக்கு முடிச்சுட்டு வீட்டுக்குப் போலாம்.” சொல்லிப்போட்டு நேராத் தம்பியைத்தான் பார்த்தாரு. அல்லாரும் தம்பியைத்தான் பார்த்தோம். போர்டு அவருதுதானுங்களே.

அன்னிக்குச் சாயங்காலம் தம்பி எங்க செக்‌ஷனுக்கு வந்து, “அக்கா, இந்த வாட்டி நீங்களும் வாங்க. அங்கயே உக்காந்து ஒயரு மாத்திப் பார்க்க வேண்டி வரும், உங்க கை வேணும்”னாரு. உங்க கை வேணும்! பத்தொம்பது வருசத்துல எனக்கு யாரும் அப்புடிச் சொன்னதில்லை. நான் மறு வார்த்தை பேசாம முறுக்குச் சுடப் போயிட்டேன்.

கைன்னு சொன்னதும் ஞாபகம் வருது, என்ற சடையைப் பத்திச் சொல்லோணும் உங்களுக்கு. தலையில இருக்கிற சடை இல்லீங்க, அது எலிவாலு. ஒயருக்குப் போடற சடை.

இந்தா, உங்க லேப்டாப் ஒயரைக் கொஞ்சம் குடுங்க. பயப்படாதீங்க, பிரிக்க மாட்டேன். இதுக்குள்ள மெல்லிசா நாலஞ்சு ஒயரு ஓடும்னு வெச்சுக்குங்க. அதுக்கு மேல வெள்ளிக் கம்பியில வலை மாதிரி ஒரு உறை இருக்கும். ஷீல்டும்பாங்க. உள்ள இருக்கிற சத்தம் வெளிய வராம, வெளிய இருக்கிறது உள்ள போகாம அது காப்பாத்தும். முனையில வந்து கனெக்டர்ல மாட்டறப்ப, இந்த வலையைப் பிரிச்சு எங்கயாச்சும் சேர்க்கோணுமல்லங்க? நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அதைப் பிச்சுப் பறக்க விட்டு, ஒரு முறுக்கு முறுக்கி ஈயம் வெச்சுருவாங்க. பார்க்கவே கண்றாவியா இருக்கும், முனியாண்டி தலையாட்டம். கம்பி ஒண்ணு ரெண்டு பிரிஞ்சு பக்கத்துல பட்டு, அதுல வேற பெட்டி கெட்டுப் போகும்.

நான் என்ன பண்ணினேன், அந்த வலையை மூணாப் பிரிச்சு, எண்ணெய் தேய்ச்ச தலைக்குப் பின்னற மாதிரி நெருக்கமாப் பின்னி, ஒரு விரக்கடை நீளத்துக்குக் கொண்டாந்து, பச்சை ஸ்லீவு மாட்டி, நுனியில ஈயம் வெச்சேன். ஒரு கம்பி பிசிறு இருக்காது. ஒரு வாட்டி வெளியூரு ஆளுங்க கம்பெனியைச் சுத்திப் பார்க்க வந்தவங்க, அதைப் பார்த்துட்டு நின்னு போட்டோ எடுத்தாங்க! முதலாளி அந்தப் போட்டோவைப் பெருசாக்கி, கண்ணாடி போட்டு, செக்‌ஷன் செவுத்துல மாட்டிப்போட்டாரு. புதுசா வர்ற புள்ளைங்களுக்கு முதல் வாரம் முச்சூடும் சடைதான். என்ற கையால இதுவரைக்கும் எத்தனை ஆயிரம் பின்னியிருப்பேன்னு எனக்கே தெரியாதுங்க.

ஆனா பாருங்க, நல்லது பண்ணுனா நாலு பேருக்குக் கண்ணு உறுத்தும். ரெண்டு வருசம் முன்னாடி இந்தத் தம்பி புதுசா வந்து சேர்ந்தாரு. வந்த பத்தாம் நாளு ஒரு பேப்பரை எடுத்துட்டு வந்து நிக்கறாரு. “அக்கா, சடை வேண்டாம். வலையை அப்புடியே பின்னால மடிச்சு விட்டு, சுத்திலும் படற மாதிரி இந்தப் பட்டையைப் போட்டுக் கவ்வ வெச்சுருங்க”ன்னு படம் வரைஞ்சு காட்டறாரு. கனெக்டர் வாங்கினா பாக்கெட்டுக்குள்ள ஒரு சின்ன இரும்புப் பட்டை வளைஞ்சு கெடக்குமுங்க, அதைச் சொல்றாரு. அதை நாங்க என்னிக்கு மாட்டியிருக்கோம்? அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மிளகாய்த்தூள் பாக்கெட்டு வாயை மடிச்சு மாட்டுவோம். துணி கிளிப்பெல்லாம் கிட்ட நிக்க முடியாது, அத்தனை இறுக்கம். எங்க தெருவுல பாதி வீட்டு மசாலாப் பாக்கெட்டு எங்க கம்பெனிப் பட்டையிலதான் நிக்குது.

எனக்கு வந்துதே கோவம். “ஏன் தம்பி, உங்கம்மா உங்குளுக்குச் சடை போட்டுப் பழகலையா, பொண்ணுன்னா போட்டிருப்பாங்க”ன்னேன். பதினோரு பேரும் சிரிச்சதுல ஓடு பறந்துருச்சு. அவரு காதெல்லாம் செவந்துபோச்சு. அத்தோட விட்டனா? பேப்பரை வாங்கிட்டு நேரா முதலாளி ரூமுக்குப் போயிட்டேன். “நேத்து வந்தவரு என்ற வேலையைக் குத்தம் சொல்றாரு, இனி அவரையே பின்னச் சொல்லுங்க”ன்னேன். முதலாளி அவரைக் கூப்புட்டு, “அக்கா சடையைத் தொடாத”ன்னுட்டாரு. தம்பி அந்தப் படத்துல இருந்த பட்டையை அழிச்சுப்போட்டு, என்ற சடையை வரைஞ்சு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அன்னிக்கு நாங்க செக்‌ஷன்ல கேசரி கிண்டுனோம்.

செரி, மெட்ராஸுக்கு வாங்க. அந்தப் பரீட்சை ரூமு இருக்குதே அம்மணி, நீங்க பார்க்கோணும்! செவுரு, கூரை அல்லாம் நீலக் கலர்ல கூம்பு கூம்பா. நடுவுல வட்ட மேடை, அது மேல நம்ம பெட்டி, மெதுவாச் சுத்துது. கதவு ஒண்ணொண்ணும் யானை கனம். கதவைச் சாத்துனா போன்ல டவரு பொசுக்குன்னு செத்துரும். அங்க ஒரு புள்ளை, நஸ்ரீன்னு பேரு, அதுதான் பரீட்சை வெக்கிற இஞ்சினியரு. வெடுக்குன்னு பேசும், ஆனா தங்கம். என்னை ஆன்ட்டிங்குது. “ஆன்ட்டி, ரீடிங் எடுக்கிற வரைக்கும் கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?”ன்னுது. என்ற சத்தமும் மிஷின்ல ஏறுமான்னு கேட்டேன். ஏறாது, என் தலையில ஏறுதுன்னுட்டுது. அன்னேரத்துல இருந்து எனக்கு அதை நெம்பப் புடிச்சுப்போச்சு.

வெளிய கம்ப்யூட்டர்ல செவப்பா ஒரு கோடு. அதுதான் அளவு. அடியில நம்ம பெட்டியோட சத்தம் புல்லு மாதிரி முளைச்சிட்டே வருது. அல்லாம் கோட்டுக்கு அடியிலதான் வருது. நான் சாமி கும்பிட்டுட்டே நிக்கறேன். திடீர்னு ஓரிடத்துல ஒரு கொம்பு! கோட்டைத் தாண்டி ஏழு புள்ளி மேல போய் நிக்குது. தம்பி அப்புடியே சேர்ல உக்காந்துட்டாரு.

நஸ்ரீன் புள்ளை என்ன பண்ணுச்சுன்னா, பெட்டியில இருந்து வர்ற ஒயரையெல்லாம் உருவிப்போடச் சொல்லுச்சு. உருவுனோம், கொம்பு இல்லை. ஒண்ணொண்ணாத் திரும்ப மாட்டச் சொல்லுச்சு. முதல் ஒயரு, சும்மா இருந்துது. ரெண்டாவதும் சும்மா இருந்துது. நெஞ்சுல ஒட்டறாங்களே, அந்த ஒயரெல்லாம் வந்து சேர்ற சின்னப் பெட்டிக்குப் போற மூணாவது ஒயரை மாட்டுனோம், டக்குன்னு கொம்பு வந்து நின்னுக்கிச்சு. தம்பி உடனே, “என் போர்டுதான் அந்த ஒயருக்குள்ள சத்தத்தைத் தள்ளுது”ன்னுட்டாரு. நானும் ஆமாம் ஆமாம்னேன். போர்டுதான இருக்கும், வேற என்ன?

அன்னிக்குப் பொழுது முச்சூடும் அவரு போர்டுல அதை மாத்தி இதை மாத்தி, ஈயப் பொகையில கண்ணு செவந்து போச்சு. உங்க லேப்டாப் ஒயர்ல குண்டா ஒரு உருண்டை இருக்குது பாருங்க, அந்த மாதிரி கருப்பு உருண்டையை மாட்டிப் பார்த்தாரு. கொம்பு கொஞ்சம் எறங்குச்சு, ஆனாலும் கோட்டுக்கு மேல மூணு புள்ளி. சாயங்காலம் அவரு சித்தி வீட்டுல என்னைக் கொண்டுபோய் விட்டாரு, லாட்ஜுல தங்க வெக்க மனசு வரலையாமா. ராத்திரிச் சோத்தைப் பெசஞ்சு பெசஞ்சு வெச்சாரே ஒழிய ஒரு வாய் திங்கலை. எனக்கே பாவமா இருந்துது.

மறு நாளு காத்தாலதான் கூத்தே. முதலாளி போன் பண்ணிட்டாரு. தம்பி வெளிய போயி மரத்தடியில நின்னு, “ஆமாங்கண்ணா, செரிங்கண்ணா”ங்கறாரு. உள்ள நானும் அந்தப் புள்ளையும் மட்டும். அது ஒரு குச்சியை எடுத்துச்சு, நுனியில மோதரம் மாதிரி ஒரு வளையம். அதைக் கிட்டக் கொண்டுபோனா, எங்க சத்தம் ஜாஸ்தியோ அங்க மிஷினு கீச்சுனு கத்தும். போர்டு மேல கொண்டுபோச்சு, லேசாக் கத்துது. ஒயரு மேல கொண்டுபோச்சு, அமைதி. ஒயரு மேலயே தடவிட்டு வந்து, கனெக்டர் மூடியைத் தொறந்து, என்ற சடைகிட்ட வந்துது பாருங்க.

கீய்ய்ய்ய்னு ஒரு அலறல்!

நான் ரெண்டடி பின்னால போயிட்டேன். அது திரும்பக் கொண்டுபோச்சு, திரும்ப அலறுது. இந்தப் பக்கத்துச் சடைகிட்டயும் அலறுது, அந்தப் பக்கத்துச் சடைகிட்டயும் அலறுது. அந்தப் புள்ளை குனிஞ்சு சடையவே பார்த்துச்சு. “எவ்ளோ அழகா பின்னியிருக்காங்க! யாரு ஆன்ட்டி இது?”ன்னு கேட்டுது.

நான் பொய் பேசற ஆளே இல்லீங்க. ஆனா அன்னேரத்துக்கு என்ற வாயில, “எங்க கம்பெனியில யாரோ ஒரு பொம்பளைங்க”ன்னு வந்துபோச்சு.

“அழகுதான், ஆனா இதான் ஏரியல், டிவி ஆன்டெனா மாதிரி”ன்னுது. எனக்குப் புரியற மாதிரியே சொல்லுச்சு. வலை சுத்திலும் மூடியிருந்தாத்தான் சத்தம் உள்ளயே அடங்குமாமா. முனையில வந்து அதைப் பிரிச்சுச் சடையா இழுத்துட்டா, அந்த ஒரு விரக்கடைக்கு உறையே இல்லாமப் போகுது, உள்ள இருந்த சத்தமெல்லாம் அந்தச் சடையைப் புடிச்சு ஏறி வெளிய வந்துருதாமா. எத்தனைக்கெத்தனை நீளமோ அத்தனைக்கத்தனை கத்தும். நான் ஒரு வீம்புக்குக் போன வருசத்துல இருந்து இன்னும் கொஞ்சம் நீளமாவே பின்னிட்டிருக்கேன், பார்வையா இருக்கட்டும்னு.

வெளிய மரத்தடியில அந்தப் பையன் திட்டு வாங்கிட்டு நிக்கறாரு, சன்னல்ல தெரியுது. நஸ்ரீன், “சார் வரட்டும், சொல்லிடலாம்”னுது. நான் அது கையைப் புடிச்சுக்கிட்டேன். “கண்ணு, சோத்து நேரம் முடியற வரைக்கும் எனக்கு டைம் குடு. அந்தப் பொம்பளைக்கு வேலை போயிரும்”னேன். அது என்ற மூஞ்சியைப் பார்த்துச்சு, என்ற கையைப் பார்த்துச்சு, கரண்டியாட்டத் தேஞ்ச விரலைப் பார்த்துச்சு. டிபன் டப்பாவை எடுத்துட்டுப் போயிருச்சு.

அப்புறம் பாருங்க என்ற வேகத்தை! ரெண்டு சடையையும் நறுக்குனு வெட்டுனேன். ஒயரு முனையைப் புதுசாச் சீவி, வலையைக் கொடை விரிக்கிற மாதிரி பின்னால மடிச்சு விட்டேன். இப்பப் பட்டை வேணும். அங்க மெட்ராஸ்ல எங்க போறது பட்டைக்கு? கம்பெனிப் பட்டையெல்லாம் எங்க தெரு மசாலாப் பாக்கெட்டுலதான இருக்குது! அப்பத்தான் பளிச்சுனு ஞாபகம் வந்துது. பையைத் தொறந்தேன். முறுக்குப் பாக்கெட்டு வாயில ஒண்ணு! சுக்குக்காப்பித் தூள் பாக்கெட்டு வாயில ஒண்ணு! எனக்கு ரெண்டுதான வேணும்? எண்ணெய்ப் பிசுக்கைச் சேலை முந்தானையில தொடைச்சு, அல்கஹால் ஊத்தி அலசி, சுத்திலும் படற மாதிரி கவ்வ வெச்சு, ஸ்க்ரூவை முடுக்கி மூடியைப் போட்டேன். இருபத்தஞ்சு நிமிசம். முறுக்கு நமுத்துப் போச்சு, போகட்டும்.

தம்பி சாப்புடாமயே உள்ள வந்தாரு. “கடைசியா ஒரு வாட்டி போர்டுல ஒண்ணை மாத்திப் பார்க்கறேங்கா”ன்னு குட்டியா என்னத்தையோ வெச்சாரு. “ஒயரும் பழசாயிருச்சு தம்பி, புதுசாப் போட்டு வெச்சிருக்கேன்”னேன், போற போக்குல சொல்ற மாதிரி. மாட்டுனோம். கதவைச் சாத்துனாங்க. புல்லு முளைச்சிட்டே வருது, வருது, அந்த இடமும் வருது. கொம்பைக் காணோம்! கோட்டுக்கு ஒம்பது புள்ளி அடியில! தம்பி சேரைத் தள்ளிட்டு எந்திரிச்சு என்ற கையைப் புடிச்சுக் குதிக்கறாரு, நானும் குதிக்கறேன், இந்த ஒடம்பை வெச்சுக்கிட்டு. நஸ்ரீன் புள்ளை அது பாட்டுக்குச் சிரிச்சுட்டு இருக்குது.

தம்பி போர்டுல வெச்சாரே, அதனாலதான் செரியாச்சுன்னு அவரு நெனைச்சுக்கிட்டாரு போல. நெனைச்சுட்டுப் போறாரு, நமக்கென்ன? அவரும் பொழைச்சாரு, நானும் பொழைச்சேன். யாருக்கும் நட்டமில்லை. குடோன்ல இருக்கிற அறுவது பெட்டிக்கும் நான் ஒரு யோசனை வெச்சிருக்கேன். தினமும் ஒரு மணி நேரம் முன்னாடி போயி, டேப்பைப் பிரிச்சு, யாருக்கும் தெரியாம நாலு நாலா மாத்திப்போடுவேன். பதினஞ்சு நாள்ல முடிஞ்சுது. தெருவுல வீடு வீடாப் போயிப் பட்டையைத் திருப்பி வாங்கறதுதான் சிரமம், காரணம் கேப்பாளுங்க.

சொல்லலாமேங்கறீங்களா? யாருகிட்ட, தம்பிகிட்டயா? சொல்லலாம்தான். எப்புடிங்க சொல்றது? ரெண்டு வருசம் முன்னாடி அத்தனை பேரு முன்னாடி அந்தச் சிரிப்பு சிரிச்சுப்போட்டு, இப்பப் போயி நீங்க சொன்னதுதான் செரின்னு எந்த மூஞ்சியோட சொல்றது? அவரு மறந்திருப்பாரு. நல்ல பையன், மனசுல வெச்சுக்கற ஆளில்லை.

இன்னிக்குக் காத்தால போயி ரிப்போர்ட்டு வாங்குனோம். தம்பி அங்கயே நின்னு படிச்சாரு, நெம்ப நேரம். அப்புறம் நஸ்ரீன்கிட்ட இங்கிலீசுல என்னமோ பேசுனாரு, அது திரும்ப டைப் அடிச்சுக் குடுத்துச்சு. எழுத்துப் பிழை இருந்திருக்கும். வாங்கிக் கையெழுத்துப் போட்டு நேரா என்ற கையில குடுத்துட்டாரு. “நீங்களே வெச்சுக்குங்கக்கா, நாளைக்கு முதலாளிகிட்ட நீங்களே குடுங்க”ன்னாரு. பெரிய மனுசி மருவாதைங்க அது! நான் முதல் பக்கத்துல பாஸ்னு இருக்கிறதை மட்டும் எழுத்துக் கூட்டிப் பார்த்துட்டு, பையில வெச்சுட்டேன். பத்தாவது தமிழ் மீடியம், அதுக்கு மேல நமக்கு ஓடாது.

நீங்க படிக்கிறீங்களா? இருங்க, எடுக்கறேன். கசங்கிராமப் பாருங்க. இந்தா, அஞ்சாவது பக்கத்துல ரெண்டு போட்டோ இருக்குது பாருங்க, அதென்ன? ஆமா, அது என்ற சடைதான். அந்தப் புள்ளை எப்ப எடுத்துச்சோ! இது பட்டை போட்டது. கீழ என்ன எழுதியிருக்குது? மாத்தினது என்னன்னு போட்டிருக்குதா? சடையை எடுத்துட்டுச் சுத்திலும் பட்டை போட்டதுன்னா? செய்தவர்…

யாருன்னீங்க? மறுக்காப் படிங்க.

கனகமணி, சீனியர் டெக்னீசியனா? நானுங்களா? பத்தொம்பது வருசத்துல என்ற பேருக்குப் பின்னால ஒண்ணுமே கெடையாதுங்க அம்மணி, வருகைப் பதிவுல கூட வெறும் கனகமணிதான். நஸ்ரீனுக்கு என்ற பேரே தெரியாது, அதுக்கு நான் ஆன்ட்டி. அப்ப இந்தப் பேரை அதுக்குச் சொன்னது…

ஓ. அப்ப அவருக்குத் தெரியும்.

இருங்க, இருங்க. மேல ஒரு வரி இருக்குதே, அதைப் படிங்க. காரணம்னு போட்டிருக்குதா? படத்துல பட்டையைக் காட்டாம விட்டதுதான் காரணமாமா? பொறுப்பு யாருன்னு போட்டிருக்குது? இளம்பரிதின்னா? அவரு கையெழுத்தா? அறுவது பெட்டியிலயும் மாத்தோணும்னு வேற எழுதியிருக்காருங்களா?

பொய்யிங்க அது! படத்துல இப்ப இல்லைதான், ஆனா முதல்ல இருந்துதுங்க! வரைஞ்சு எடுத்துட்டு வந்தாரே, அழிக்க வெச்சது நாந்தானுங்களே! கேசரி கிண்டித் தின்னது நாந்தானுங்களே! நாளைக்கு முதலாளி கண்ணாடியைப் போட்டுட்டு முதல்ல இந்த வரியைத்தான் தேடுவாரு. அதைக் கொண்டுபோயி என்ற கையாலயே குடுக்கச் சொல்லியிருக்காரு பாருங்க, கிறுக்குப் பையன். அந்தக் கொழந்தைக்கு இன்னும் பேரு கூட வெக்கலை.

அழுகலீங்க. அழுகறனா? ஆமா, அழுகறேன். சிரிப்பும் வருது, என்ன கெரகமோ. டவரு இருக்குதா உங்க போன்ல? என்றதுலயும் ரெண்டு கட்டை இருக்குது. இருங்க.

அண்ணா, கனகமணி பேசறனுங்க. ரயில்ல இருக்கறேன். ஆமாங்க, பாஸ்தானுங்க. அதில்லீங்கண்ணா, நீங்க கேட்டீங்களே யாரு தப்புன்னு, பேப்பர்ல தப்பா எழுதி வருதுங்க, அதை நம்பாதீங்க. தப்பு என்றதுங்க. என்ற சடைங்கண்ணா. ஆமா, செவுத்துல மாட்டியிருக்கீங்களே, அதேதான். தம்பி ரெண்டு வருசம் முன்னாடியே படம் போட்டுச் சொன்னாருங்க, நாந்தான் உங்ககிட்ட வந்து ஆடிப்போட்டேன். நீங்களும் தொடாதன்னீங்களே, ஞாபகமிருக்குதுங்களா? இல்லீங்க, உங்களைக் குத்தம் சொல்லலை, பாதிக் குத்தம்தான் சொல்றேன். யாரையாச்சும் அனுப்பறதுன்னா என்னைத்தான் அனுப்போணும். ஆனா அறுவது பெட்டியையும் மாத்தறதுக்கு என்ற கை வேணும், அதையும் யோசிச்சுக்குங்க. அண்ணா? அண்ணா?

வெச்சுட்டாரு. இல்லீங்க, திட்டலை. “நாளைக்கு அவனையும் கூட்டிட்டு வா”ன்னுட்டு வெச்சுட்டாரு. சிரிச்சாரா இருமுனாரான்னு தெரியலை. பார்க்கலாம், வர்றது வரட்டும்.

கொஞ்சம் காலை நகத்துங்க அம்மணி, நான் போயி அந்தப் பையனை எழுப்பறேன். பையைப் பார்த்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு, நீங்க இதைப் படிச்சுக் காட்டுனதை அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. நானா மனசு வந்து சொல்றேன்னே அவரு நெனைச்சுக்கட்டும்.